உள்ளங்கைச் செம்புள்ளிகள்

ஏணியில் நின்றபடி கையுறையைக் கழற்றியபோதுதான் கரண்ட்டு அதைக் கவனித்தான். மின்வேலைக்காரன் என்பதால் ஒட்டிக்கொண்ட பட்டப்பெயர் அது. இரண்டு உள்ளங்கையிலும் செம்புள்ளிகள். அரிப்பில்லை, வலியில்லை. கையுறை ஒத்துக்கொள்ளவில்லையோ? இல்லை, எச்.ஐ.வி.க்காக ஆறு வருடமாய் விழுங்கும் மாத்திரைதான் வேலையைக் காட்டுகிறதோ? ஒன்றும் புரியாமல் அன்று மாத்திரையை நிறுத்தினான். மறுநாளும் தொடவில்லை.

மூன்றாம் நாள் மனைவி கண்டுபிடித்துவிட்டாள். தையல்காரி. அவளுக்கும் அதே கிருமி, அதே மாத்திரை. மருந்து வாங்கும் வரிசையில் பழகி, மூன்று மாதத்துக்கு முன்தான் கல்யாணம் செய்துகொண்டார்கள்.

"என்னை ஒரு வார்த்தை கேக்காம எதுக்குங்க நிறுத்துனீங்க? கிளம்புங்க ஆஸ்பத்திரிக்கு."

ரத்தம் பார்த்த பிறகு ஆலோசகர் அம்மா அவனை மட்டும் உள்ளே கூப்பிட்டார். "இது மாத்திரையால வந்ததில்ல தம்பி. சிபிலிஸ். உறவு மூலமா பரவுற இன்னொரு நோய். ஊசி போட்டா குணமாயிடும்."

"அதான் மாத்திரை போடுறேனே மேடம்! கிருமி அளவு தெரியாத அளவுக்குக் குறைஞ்சிடுச்சு, இனிமே யாருக்கும் பரவாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"எச்.ஐ.வி. பரவாதுன்னு சொன்னேன். அதுவும் நாள் தவறாம மாத்திரை போடுற வரைக்கும்தான். நிறுத்துனதை இன்னைக்கே திரும்ப ஆரம்பிச்சிடுங்க. மத்த நோயை அது தடுக்காது. அதுக்குத்தான் ஆணுறை. உங்க வீட்டுக்காரம்மாவுக்கும் டெஸ்ட் பண்ணணும். நீங்களே சொல்லிடுங்க."

கல்யாணமான புதிதில் அவள் தயங்கித் தயங்கி ஆணுறையை எடுத்து நீட்டியதும், "முழுக்க நனைஞ்சவனுக்கு முக்காடு எதுக்கு?" என்று தான் சிரித்ததும் அவனுக்கு நினைவுக்கு வந்தன. அவள் மறுபேச்சின்றி அதை எடுத்து வைத்துவிட்டாள். கல்யாணத்துக்கு ஒரு மாதம் முன்பு, வெளியூர் வேலைக்குப் போன இடத்தில் ஒரு பெண்ணோடு அவன் செய்த தப்பு அவளுக்குத் தெரியாது. கையுறை மேல் பழியைப் போட்டுவிடலாமா? அவளுக்கோ எட்டு நாள் தள்ளிப்போயிருக்கிறது. வாயில் பொய் வரவில்லை.

பெஞ்சில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். அவள் அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை. எழுந்து போய் ரத்தம் கொடுத்தாள்.

அவளுக்கும் தொற்றியிருந்தது. வயிற்றில் குழந்தையும் இருந்தது. "கவனிக்காம விட்டா குழந்தையைப் பாதிச்சிருக்கும். நல்ல நேரத்துல வந்தீங்க" என்று ஆலோசகர் அம்மா அன்றே ஊசிக்கு ஏற்பாடு செய்தார்.

ஊசி போட்ட இடத்தைத் தேய்த்தபடி வெளியே வந்தவள், வாசலில் நின்றாள்.

"முதல்ல அந்தப் பொண்ணுக்குப் போன் போடுங்க."

"எந்த... எதுக்கு?"

"அவளுக்கும் இருக்கும்ல? தெரியாம எங்க தவிக்கிறாளோ. சொல்லுங்க, போய் ஊசி போட்டுக்கட்டும்."

அவன் போனை வெளியே எடுத்தான். "என்னை மன்னிச்சிடும்மா."

"அது இன்னைக்கு முடியாதுங்க. ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கிட்டேன். அன்னைக்கு நான் ஆணுறையை நீட்டுனப்போ நீங்க எல்லாம் தெரிஞ்ச மாதிரி சிரிச்சீங்க, நான் வெக்கப்பட்டு வாயை மூடிக்கிட்டேன். ஒரு நோய் வந்துட்டா உடம்பைக் காப்பாத்துறது முடிஞ்சு போகல, அங்கதான் ஆரம்பிக்குது. சந்தேகம்னா கேக்கணும், ரெண்டு பேரும் சேர்ந்து கேக்கணும்."