மாபிட்டியவுக்கு ஓர் அர்ச்சனை

மாபிட்டிய என்ற இராணுவ அதிகாரியின் பதவி உயர்வுகளைச் சாம்பல்தீவுக் கமலேஸ்வரியைப் போல் கவனித்தவர் எவரும் இல்லை. அவனுடைய மனைவிகூட அவ்வளவு கவலைப்பட்டிருக்க மாட்டாள். தொண்ணூறாம் ஆண்டுச் சுற்றிவளைப்பில் கமலேஸ்வரியின் கணவன் குணரத்தினத்தை ட்ரக்கில் ஏற்றியவன் அவன்தான். அப்போது வெறும் கப்டன்.

அவள் தினமும் முகாம் வாசலில் போய் நின்றாள். "விசாரிச்சு விடுறது அம்மா," என்று அவனும் தினமும் உடைந்த தமிழில் சொன்னான். விட்டபாடில்லை. கணவனின் தமக்கை நல்லம்மாதான் வழி சொன்னாள்.

"தம்பியின்ர பேரில அர்ச்சனை செய்து என்ன பிரயோசனம்? அடைச்ச கதவின்ர திறப்பு அவன்ர கையில கிடக்கு. மனம் இளக அவன்ர பேரில செய்."

கோணலான பேச்சுத்தான், ஆனால் தவித்த வாய்க்கு அதுவே தண்ணீராகப் பட்டது. அர்ச்சனைக்கு நட்சத்திரம் வேண்டுமே! மறுநாள் வெட்கத்தை விட்டு அவனிடமே கேட்டாள். சாதகம் பார்க்காமல் சப்பாத்துக்கூடப் போடாத ஆள் போலும், சிரித்துக்கொண்டே உடனே சிங்களத்தில் சொன்னான்: "உத்ரபுட்டுப."

பிள்ளையார் கோயில் ஐயர் பஞ்சாங்கத்தை வைத்து எண்ணிப் பார்த்து, "அது எங்கட உத்தரட்டாதிதான்," என்றார்.

வெள்ளி தவறாமல் அர்ச்சனை நடந்தது. பிள்ளையார் அளவுக்கு மிஞ்சிக் கேட்டுவிட்டார். மாபிட்டிய மேஜரானான், ஆன கையோடு மாற்றலாகி வவுனியாவுக்குப் போனான். அவன் இடத்துக்கு வந்தவனுக்குக் குணரத்தினம் என்ற பெயரே தெரியாது. "அந்த மாத்தையாகிட்டத்தான் கேக்கணும்," என்று கையை விரித்தான்.

கமலேஸ்வரி குழம்பிப்போனாள். அர்ச்சனையை நிறுத்தினால் அவனுக்கு ஏதும் ஆகி, குணரத்தினம் இருக்கும் இடமும் அவனோடே மண்ணுக்குள் போய்விடுமோ? தொடர்ந்தால் இன்னும் உயர்ந்து, இன்னும் தூரம் போய்விடுவானோ? அவன் சண்டையில் காயப்பட்டான் என்று வானொலி சொன்ன அன்று விழுந்து விழுந்து அழுதாள். யாருக்காக அழுகிறோம் என்பது அவளுக்கே விளங்கவில்லை. பிடித்துக்கொண்டு போனவனுக்குக் கற்பூரம் கொளுத்துகிறாள் என்று ஊர் காறித் துப்பியது. துப்பட்டும் என்று விட்டுவிட்டாள். அவன் கேணலானான், பிரிகேடியரானான். அலுமாரிக்குள் குணரத்தினத்தின் சட்டைகள் பழுப்பேறின.

கடைசியில் அவன் மேஜர் ஜெனரலாகி, மாவட்டத்தைப் பார்வையிட வந்தான். நகரத்து ஓர்ஸ் ஹில்லில் கூட்டம் முடிந்து வாகனத்தில் ஏறப் போனவன், காவலர்களைத் தாண்டி அவள் கூப்பிட்ட குரலுக்குத் திரும்பினான். நரைத்துக் கொழுத்திருந்தான்.

"ஆ! உத்ரபுட்டுப அம்மா!" முகம் மலர்ந்துவிட்டது. "இன்னும் செய்யிறதா?"

"ஓம் ஐயா. ஒவ்வொரு வெள்ளியும்."

"அதுதான் நான் இவ்வளவு மேல வந்தது." குரலைத் தாழ்த்தினான். "மேல இன்னும் ஒரு கதிரை இருக்கு. அதுக்கும் கொஞ்சம் செய்யுங்க." ஒரு காலை வண்டியில் வைத்தவன் நின்று, உண்மையாகவே வியந்து கேட்டான்: "அம்மா, நீங்க ஏன் எனக்குச் செய்யிறது?"

"குணரத்தினம்..." என்றாள்.

"அது யாரு?"

பக்கத்தில் நின்ற அதிகாரி நேரமாகிவிட்டது என்றான். வாகனம் புறப்பட்டுவிட்டது.

அன்றும் வெள்ளிக்கிழமை. அவள் நேரே கோயிலுக்குப் போனாள். ஐயர் தட்டுக்குக் கை நீட்டி, வழக்கம்போல் கேளாமலே, "உத்தரட்டாதி நக்ஷத்ரே, மாபிட்டிய நாமதேயஸ்ய..." என்று தொடங்கினார்.

"இல்லை ஐயா. இண்டைக்கு என்ர அவருக்கு. குணரத்தினம்."

ஐயர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "நட்சத்திரம்?"

"உத்தரட்டாதி," என்றாள். இல்லையே! தலையை உலுக்கிவிட்டு மறுபடி யோசித்தாள். கலியாணத்துக்குப் பொருத்தம் பார்த்தபோது மனப்பாடமாகச் சொன்ன நட்சத்திரம். திரும்பவும் உத்தரட்டாதியே வந்தது.

"தெரியாட்டிப் பறவாயில்லை அம்மா," என்றார் ஐயர் மெல்ல. "சுவாமியின்ர பேரிலயே செய்வம்."

"இல்லை ஐயா, கொஞ்சம் பொறுங்கோ." தட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "எனக்குத் தெரியும். எனக்குத் தெரியாட்டி, வேற ஆருக்குத் தெரியும்?"