இறக்கி வைக்காமல் ஏறுவது

ரத்னா வேண்டிக்கொண்டபோது புருஷன் மணவாளனைக் கேட்கவில்லை. கைக்குழந்தைக்கு அம்மை போட்டிருந்தது. திருத்தணி மலை இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிட்டாள்.

"முருகா, எம் பொண்ணப் பொழைக்க வையி. மொட்டை போட வரும்போது இவ அப்பன் தோள்மேல தூக்கிக்கினு வருவாரு. கீழேர்ந்து மேல வரைக்கும் எங்கியும் எறக்க மாட்டாரு."

வேண்டுதல் அவளுடையது, கால்கள் அவனுடையவை. அன்று அவன் சிரித்தான். அப்போது அவன் ஒல்லி.

குழந்தை பிழைத்துக்கொண்டாள். அடுத்த வருஷமே ரத்னா காமாலையில் போய்விட்டாள். காரியம் முடிந்ததும் மாமியார் முத்தம்மாள் குழந்தை சந்திரகலாவை ஆர்.கே.பேட்டைக்குத் தூக்கிக்கொண்டு போனாள். அந்த நாட்களில் யார் எதைத் தூக்கிக்கொண்டு போயிருந்தாலும் மணவாளன் தடுத்திருக்க மாட்டான்.

அம்பத்தூரில் ஒரு தொழிற்சாலை ஆபீசில் அவனுக்குக் குமாஸ்தா வேலை. திருவள்ளூரிலிருந்து ரயிலில் போய் ரயிலில் வருவான். சாப்பாடு அடுத்த தெருவில் அக்கா பச்சையம்மா வீட்டில். பெண்டாட்டியைப் பறிகொடுத்த தம்பி என்று அவள் இலையில் அள்ளி வைப்பாள். வைத்ததை அவன் சாப்பிடுவான். பசி என்று இல்லை. போதும் என்று சொல்வதற்கும் ஒரு மனம் வேண்டும். அது அவனிடம் இல்லை. இரண்டு வருஷத்தில் சட்டைகள் எல்லாம் பித்தானோடு சண்டை போட ஆரம்பித்தன.

மூன்றாவது வருஷம் ஐப்பசியில் ஆர்.கே.பேட்டைக்குப் போனபோது, குழந்தை கையைப் பிடித்து மாடிக்கு இழுத்தாள். நெல் காயப் போட்டிருந்த இடத்தில் ஒரு பூனை குட்டி போட்டிருந்தது. இடுப்பில் தூக்கிக்கொண்டு ஏறினான். பாதி ஏறுவதற்குள் மூச்சு முட்டியது. குழந்தையை இறக்கிவிட்டுப் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். கீழே முறத்தோடு நின்றிருந்த முத்தம்மாள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு அவன் மெல்ல ஆரம்பித்தான். குழந்தையைத் திருவள்ளூருக்கு அழைத்துப் போகிறேன், பக்கத்தில் அக்கா இருக்கிறாள் என்றான்.

"கூப்ட்டுக்கினு போங்க மாப்ளே, நானா வாணாங்கறேன்?" என்றாள் முத்தம்மாள். "மொதல்ல வேண்டுதல முடிங்க. பங்குனியில வச்சிக்கலாம். அவ சொன்ன மாரி எறக்காத ஏறிட்டீங்கன்னா, மலையிலேர்ந்தே உங்களோட அனுப்பறேன். இல்லாட்டி சுப்பிரமணி தூக்கட்டும். தாய்மாமன்தானே? புள்ள இங்கியே வளரட்டும்."

"அம்மா, இன்னா பேச்சு இது" என்றான் மச்சினன் சுப்பிரமணி.

"நீ சும்மா இரு. நாலு படி ஏறினதுக்கே இந்த எரைப்பு எரைக்கறாரு. ராவுல புள்ளைக்கு ஒண்ணுன்னா டாக்டர் ஊட்டுக்கு எப்படித் தூக்கிக்கினு ஓடுவாரு?"

மணவாளனும் அதைத் தனக்குள் கேட்டுப் பார்த்தான். அது நியாயமான கேள்வி.

மறுநாள் மாலை திருவள்ளூரில் ரயிலை விட்டிறங்கி ஸ்டேஷன் நடைமேம்பாலத்தில் ஏறினான். கூட வந்த ஜெயராஜ் நடுப்படியில் நின்று திரும்பிப் பார்த்தான். ஒரே ஆபீஸ்.

"இன்னாபா மணவாளா, இஞ்சின் அங்க நிக்குது, சத்தம் இங்க வருது?"

மணவாளன் கைப்பிடிக் கம்பியைப் பிடித்தபடி கையாட்டினான். பேச மூச்சில்லை.

அவன் பயந்தது நெஞ்சுக்கு. தொழிற்சாலை டாக்டர் குழாய் வைத்துப் பார்த்தார், முதுகில் தட்டிப் பார்த்தார். ஒரு கோளாறும் இல்லை, எடைதான் என்றார்.

பிளாட்பாரத்தில் எடை பார்க்கும் இயந்திரம் இருந்தது. காசு போட்டால் வண்ண விளக்குகள் சுழன்று சீட்டு விழும். முன்பெல்லாம் அவனும் ரத்னாவும் ஒரே காசில் ஒன்றாக ஏறி நிற்பார்கள். நூற்று நான்கு என்று வரும். அதில் யாருக்கு எவ்வளவு என்று வீடு போய்ச் சேரும் வரை வாக்குவாதம் நடக்கும். அறுபது உன்னுது, மீதி என்னுது என்று அவள்தான் கடைசியில் தீர்ப்புச் சொல்வாள்.

இப்போது தனியாக ஏறினான். எண்பத்திரண்டு. சீட்டின் பின்புறம், 'நீர் விரைவில் பெரிய பொறுப்பு ஏற்பீர்' என்று அச்சடித்திருந்தது.

பெஞ்சில் உட்கார்ந்து யோசித்தான். அறுபதுக்கு மேலே இருபத்திரண்டு. குழந்தை பதின்மூன்று கிலோ இருப்பாள். ஆக, குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டுதான் தினமும் இந்தப் பாலம் ஏறுகிறான். அதற்கு மேலும் ஒரு மூட்டை. சுமை எல்லாம் இருக்கிறது. குழந்தைதான் இல்லை.

இளைக்க வேண்டும் என்று முடிவு செய்தான். விடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு பூண்டி ஏரி வரை போய் வந்தான். முதல் வாரம் தொடை வலித்தது. பிறகு காற்றாகப் போனான். மூச்சே வாங்கவில்லை. சரியாகிவிட்டது என்று நம்பிக்கொண்டு, மார்கழி பிறந்ததும் ஒரு காலையில் குழந்தைக்குப் பதிலாகப் பதின்மூன்று கிலோ அரிசியைச் சிப்பமாகக் கட்டித் தோளில் வைத்து மேம்பாலம் ஏறிப் பார்த்தான். பாதியில் கண் இருட்டியது. சிப்பத்தைத் தொப்பென்று போட்டான்.

"நாஷ்டாக்கு இவ்ளோ அரிசியாபா?" என்றான் பின்னால் வந்த ஜெயராஜ். அப்புறம் அவன் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேச்சை நிறுத்திச் சிப்பத்தைத் தூக்கிக்கொண்டான்.

அன்று ரயிலில் மணவாளனுக்குப் புரிந்தது. சமதரையில் சைக்கிள் அவனைச் சுமந்தது. சீட்டில் உட்கார்ந்தவனுக்கு எண்பது என்ன, அறுபது என்ன. படியில் அவனை அவனேதான் சுமக்க வேண்டும், ஒவ்வொரு படிக்கும் மொத்தமாகத் தூக்க வேண்டும். அதே நுரையீரல்தான். வேலைதான் கூடிப்போயிற்று.

அன்று இரவு பச்சையம்மா இரண்டாம் முறை சோறு கொண்டு வந்தபோது இலைக்கு மேல் கையை நீட்டினான்.

"போதும்."

அவள் கரண்டியோடு நின்றாள். "இன்னாடா, கொழம்பு நல்லால்லியா?"

"நல்லாருக்கு. போதும்க்கா."

இரண்டு வருஷத்தில் அவன் அவளிடம் தானாகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான் என்று அவளுக்குத் தோன்றியிருக்க வேண்டும். கரண்டியைப் பாத்திரத்தில் போட்டுவிட்டு உள்ளே போய்ச் சிறிது நேரம் கழித்துதான் வந்தாள்.

சைக்கிளை விட்டான். ரயில் வருவதற்கு முன் மேம்பாலத்தில் ஏறி இறங்கினான். போர்ட்டர்கள் பைத்தியம் என்றார்கள். பங்குனிக்குள் எடை எழுபத்தொன்றுக்கு வந்தது. ஆனால் குழந்தையும் சும்மா இருக்கவில்லை. அவளும் வளர்ந்திருந்தாள்.

மலையடிவாரத்தில் சந்திரகலாவுக்குப் பட்டுப்பாவாடை, காலில் கொலுசு. தூக்கித் தோளில் வைத்துக் கணுக்காலைப் பிடித்துக்கொண்டான். முன்னால் முத்தம்மாள், பின்னால் துணிமூட்டையோடு சுப்பிரமணி. முதல் மண்டபம் வரை சரியாகப் போயிற்று. பிறகு வெயில் ஏறியது. காது அடைத்தது. மூச்சு அவன் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை, நாய் இரைப்பது போல அதுபாட்டுக்கு இரைத்தது.

"மாமா, குடுங்க" என்று சுப்பிரமணி மூட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டினான். "கொஞ்ச நேரம்தான். சாமி ஒண்ணும் சொல்லாது."

முத்தம்மாள் நாலு படி மேலே நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேண்டாம் என்று சொல்ல மணவாளனுக்கு மூச்சில்லை. தலையை மட்டும் அசைத்தான். பக்கச் சுவரில் ஒரு தோளைச் சாய்த்து நின்றான். கணுக்காலை விடவில்லை.

"ஏன் நைனா நிக்கற?"

எறக்கக் கூடாது என்றுதான் ரத்னா சொன்னாள். நிற்கக் கூடாது என்று சொல்லவில்லை. அவளுக்கு அவனைத் தெரியும்.

நின்றான். பக்தர்கள் தாண்டிப் போனார்கள். காவடி ஒன்று தாண்டிப் போயிற்று. கொஞ்சம் கொஞ்சமாக மூச்சு அடங்கியது. காது திறந்தது, மேலே மணிச்சத்தம் கேட்டது. காலை எடுத்து வைத்தான். மறுபடி மூச்சு முட்டியது, மறுபடி நின்றான். குழந்தை அலுத்துப்போய் அவன் தலையில் தாளம் போட ஆரம்பித்தாள். அப்படியே மேலே போய்ச் சேர்ந்தான்.

மொட்டை தாய்மாமன் மடியில் நடந்தது. சந்தனம் பூசிய தலையோடு குழந்தை பொம்மைக் கடையைக் காட்டினாள். மணவாளன் இன்னும் வியர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தான். முத்தம்மாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஓடியாந்து ஏறிடுவீங்கன்னு நெனச்சேன். முடியாதுன்னதும் எறக்கிடுவீங்கன்னும் நெனச்சேன்" என்றாள். "அத்தினி தபா நின்னீங்க. எறக்கல."

அவன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டான்.

"காலைல கேழ்வரகு கஞ்சி குடிப்பா. இட்லி தொட மாட்டா. தூங்கறப்போ காதப் புடிச்சிக்குவா, தட்டி உடாதீங்க." முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "சுப்பிரமணி, அந்த மூட்டைய மாமா கைல குடு. புள்ள துணி அது."

சாயங்காலம் திருவள்ளூரில் இறங்கினார்கள். மேம்பாலத்தின் கீழே மணவாளன் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு குழந்தையைத் தூக்கக் குனிந்தான். அவள் அவன் கையைத் தள்ளிவிட்டுக் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு படபடவென்று ஏறினாள். பாதியில் நின்று திரும்பிப் பார்த்தாள். மொட்டைத் தலையில் சந்தனம் காய்ந்திருந்தது.

அவன் இரைக்க இரைக்க ஏறி வரும் வரை அங்கேயே நின்றாள்.