கட்டைவிரல் மறந்த காலை

என் வீட்டுக்காரருக்கு என்னைவிட அந்தப் பழைய பிலிம் கேமராமேல்தான் பிரியம் அதிகம் என்று நான் சொன்னால், மனுஷர் மறுக்கக்கூட மாட்டார். கல்லு மாதிரி கனக்கிறதே என்றால், "கனம் இருந்தாத்தான் கை ஆடாது" என்பார். பிலிம் போடாத நாளிலும் மடியில் வைத்துக்கொண்டு கட்டைவிரலால் லீவரைத் தள்ளுவார், பொத்தானை அழுத்துவார், அந்தச் சத்தத்தைக் கேட்டுவிட்டு மறுபடியும் தள்ளுவார். லென்ஸ் வளையத்தைத் திருகும்போது அவர் முகத்தில் வருகிற நிம்மதி சம்பள நாளில்கூட வந்து நான் பார்த்ததில்லை. கல்யாணமான புதிதில் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, இடப்பக்கத்துக் குமிழைக் காட்டிப் பாடமே நடத்தினார். லீவரைத் தள்ளினால் அதுவும் சுற்ற வேண்டுமாம். சுற்றாவிட்டால் உள்ளே பிலிம் நகரவில்லை என்று அர்த்தமாம். "நான் அதைப் பாக்கவே வேணாம். கட்டைவிரலே சொல்லிடும்" என்று பீற்றல் வேறு.

மகளுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்து, அன்று கிளம்புகிறாள். எப்போது திரும்பி வருவாள் என்று அவளுக்கே தெரியாது. இவரோ காலையிலிருந்து கேமராவும் கையுமாக அவள் பின்னாலேயே அலைந்தார். அவள் தலை வாரியது, பெட்டிமேல் ஏறி உட்கார்ந்து ஜிப்பை இழுத்தது, வாசற்படியில் ஷூ நாடா கட்டியது, ஒன்றையும் விடவில்லை.

"போன்ல எடுத்து இப்பவே அனுப்பறேனேப்பா."

"அது பாக்கறதுக்கு. இது கையில வச்சுக்கறதுக்கு."

பெட்டியை ஏற்றியாயிற்று. அவள் காரில் உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கிச் சிரித்தாள். இவர் படம் எடுத்துவிட்டு லீவரைத் தள்ளினார். இடப்பக்கத்தில் நின்றிருந்த என் கண், பழக்கத்தில் அந்தக் குமிழுக்குப் போனது. அது அசையவில்லை. இன்னொன்று எடுத்துவிட்டு மறுபடி தள்ளினார். அப்போதும் அசையவில்லை. காலையிலிருந்து எடுத்ததில் ஒரு படம்கூட விழுந்திருக்காது.

சொல்வதா, வேண்டாமா? அவள் போகிற நேரத்தில் போய்ச் சொல்வதா? சொல்லாவிட்டால், அவள் போன பிறகு, பிலிமைக் கழுவக் கொடுத்த ஸ்டூடியோவில் தனியாக நின்று தெரிந்துகொள்வார். அவர் முகத்தைப் பார்த்தேன். உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார். விரல் பாட்டுக்கு லீவரைத் தள்ளிக்கொண்டிருந்தது. அந்தக் கட்டைவிரலுக்கே தெரியவில்லை என்றால் மனுஷர் எவ்வளவு உடைந்துபோயிருக்கிறார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவரை அப்படியே கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

"என்னங்க, குமிழ் சுத்தலை."

குனிந்து பார்த்தார். மெதுவாக ஒருமுறை தள்ளிப் பார்த்தார். பிறகு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"பிலிம் நுனியைச் சரியா மாட்டலை போல. ஒண்ணுமே விழலை" என்றார்.

மகள் காரை விட்டு இறங்கினாள். "அண்ணே, கொஞ்சம் பொறுங்க" என்று டிரைவரிடம் சொல்லிவிட்டு வந்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மாட்டுங்கப்பா."

பின்மூடியைத் திறந்து, பிலிம் நுனியை இழுத்து, எதிர்ப்பக்கத்து உருளையின் பிளவில் செருகினார். அவள் ஒரு விரலால் பிலிமை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். மூடினார். லீவரைத் தள்ளினார். மூன்று பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருக்க, குமிழ் சுற்றியது.

"மறுபடி எடுங்கப்பா" என்று அவள் காலை நீட்டி, கட்டியிருந்த ஷூ நாடாவை அவிழ்த்தாள்.