தண்ணீர் பில்லில் ஒரு கழித்தல் குறி

கரவெட்டியில் அந்தக் குடிநீர்ச் சங்கத்துக்குத் தண்ணீரைவிடச் சண்டைதான் கூடுதலாக வந்தது. முதல் பத்து யூனிற்றுக்கு இருபது ரூபாப்படி, அடுத்த பத்துக்கு நாற்பது, அதற்கு மேல் எண்பது என்பதுதான் தீர்மானம். ஆனால் சங்கத்துக் கணினி, இருபதைத் தாண்டிய வீட்டுக்கு முதல் சொட்டிலிருந்தே எண்பது போட்டுத் தள்ளியது. றஜனியின் புருஷன் புழுக்கம் தாங்காமல் ஒருக்கால் கூடுதலாகக் குளித்ததில் யூனிற் இருபத்தொன்றாகி, பில் இரட்டிப்பையும் தாண்டிவிட்டது. றஜனி அவரோடு கதைப்பதையே நிறுத்திவிட்டாள்.

"விடுங்கோ, நான் எழுதித் தாறன்" என்றாள் கஜந்தினி. வெளிநாட்டுக் கொம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே புரோகிராம் எழுதுகிறவள். அவள் பாவிக்கும் மொழியில், ஊர் முழுவதின் எண்களையும் ஒரே வரிசையாகப் பிடித்து ஒரே அடியில் கணக்குப் பார்க்கலாம். எல்லா யூனிற்றுக்கும் இருபது. பத்துக்கு மேலே போனதுக்கு இன்னும் இருபது. இருபதுக்கு மேலே போனதுக்கு இன்னும் நாற்பது. கூட்டினால் முடிந்தது.

சங்கத் தலைவர் கனகசபாபதி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார்.

"என்ன பிள்ளை, ஒரு வரிதானோ?"

"ஓம் சேர்."

"எல்லா வீட்டுக்கும் உந்த ஒரு வரி காணுமோ?"

"கொழும்புக்கே காணும்."

அந்த ஒற்றை வரியின் அழகு அவளுக்குத் தலைக்கேறியிருந்தது. முறைப்பாடு சொன்ன வீடுகளின் யூனிற்றுகளைப் போட்டுப் பார்த்தாள். றஜனிக்கு அறுநூற்று எண்பது. மற்றவர்களுக்கும் அச்சொட்டாகச் சரி. பில்களை அடித்து ஊரெல்லாம் கொடுத்தாயிற்று.

மறுநாள் காலை, வாழ்நாளில் முறைப்பாடே சொல்லாத தங்கமுத்து அக்கா கஜந்தினி வீட்டுப் படலையில் நின்றார். தனி ஆள்; ஐந்து யூனிற்றைத் தாண்டாதவர்.

"பிள்ளை, காசை எப்ப தருவியள்?"

"என்ன காசு அக்கா?"

பில்லை நீட்டினார். அறுநூறு. முன்னால் ஒரு கழித்தல் குறி.

"சங்கம்தான் எனக்குத் தரவேணுமெண்டு றஜனி வாசிச்சுச் சொன்னவள். நான் கீரிமலைக் கேணியிலை போய்க் குளிச்சதுக்கோ? அப்பிடியெண்டால் பஸ் காசு இதிலை சேர்த்திருக்கோ?"

கஜந்தினி பில்லை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அதற்குள் கனகசபாபதியின் போன் வந்தது. "கோபிசங்கர் கனடாவிலை இருந்து எடுக்கிறான். அவன்ரை பூட்டின வீட்டுக்கு ஆயிரம் ரூபா நாங்கள் குடுக்கோணுமாம். ஊருக்கு வாறதைவிட வராமல் இருக்கிறதுதான் லாபமாம். என்ன பிள்ளை உது?"

அவள் ஓடிப்போய்த் திரை முன்னால் குந்தினாள். ஐந்து யூனிற் எடுத்தவர் பத்துக்கு மேலே எவ்வளவு எடுத்தார்? மனிதர் எவரும் 'ஒன்றுமில்லை' என்பார். கணினி, கழித்தல் ஐந்து என்றிருக்கிறது; இருபதுக்கு மேலே கழித்தல் பதினைந்து என்றிருக்கிறது; இரண்டுக்கும் விலை போட்டுக் கழித்திருக்கிறது. முறைப்பாடு சொன்னவர்கள் எல்லாரும் இருபதைத் தாண்டியவர்கள். அவர்களின் பில்லில் இந்தப் பிழை எப்படித் தெரியும்? குறையக் குடித்தவர்களை அவள் நினைக்கவேயில்லை.

பூச்சியத்துக்குக் கீழே இறங்காதே என்று சொல்ல இரண்டே இரண்டு குறிகள். போட்டாள். சரிவந்தது. வெட்கமும் கூடவே வந்தது.

"இரண்டு குறியை விட்டதுக்கு எங்களை அரைவாசி ஊருக்குக் கடன்காரராக்கிப் போட்டாய்" என்றார் கனகசபாபதி. ஆனாலும் வெயிலுக்குள் அவளோடு கூடவே நடந்தார். வீடு வீடாகப் புதுப் பில்லைக் கொடுத்துப் பழையதை வாங்கினார்கள். கோபமாக நின்றவர்களிடம் கஜந்தினி தானே முந்திக்கொண்டு பிழையைச் சொன்னாள். சொல்லச் சொல்ல அது அவளுக்குச் சிரிப்பாகவும் வந்தது.

தங்கமுத்து அக்கா புதுப் பில்லுக்கு நூறு ரூபாவை மறுபேச்சில்லாமல் எண்ணி வைத்தார். பழையதைக் கேட்டபோது மட்டும் கையைப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"அது பிழையான பில் அக்கா. செல்லாது."

"செல்லாட்டில் போகட்டும். இவ்வளவு காலமும் எனக்கு வந்த கடுதாசியெல்லாம் 'கட்டு, கட்டு' எண்டுதான் வந்தது. தாறம் எண்டு வந்தது உது ஒண்டுதான். நான் தரமாட்டன்."

கனகசபாபதி கஜந்தினியைப் பார்த்தார். இரண்டு பேரும் அடுத்த வீட்டுப் படலையைத் திறந்தார்கள்.