தராசுத் தட்டின் அடியில் வைத்த பொட்டு

சனிக்கிழமை காலை சிஞ்ஞோரின் அறையைத் துடைத்துக்கொண்டிருந்த கனகேஸ்வரி, மேசையில் தராசுக்குக் கீழே அந்தத் துணுக்கைக் கண்டாள். பயற்றம் பருப்பளவு. மஞ்சள் நிறம், நடுவில் சிவப்பு. வேறு யாராவது என்றால் சுவர்ச் சுண்ணாம்பு என்று தட்டிவிட்டுப் போயிருப்பார்கள். அவளுக்குத் தெரியாதா? அவள் கையாலேயே வைத்த சந்தனப் பொட்டு அது. குங்குமத்தோடு காய்ந்து உதிர்ந்து கிடந்தது.

பொட்டு உதிர்ந்ததற்கா ஒரு மனுசி இவ்வளவு பதற வேண்டும் என்று கேட்பீர்கள். கேட்கத்தான் வேண்டும், சொல்கிறேன்.

அவள் வேலை செய்கிற இத்தாலி வீட்டின் எசமான் சிஞ்ஞோர் இஞ்ஞாசியோ கப்பல் எஞ்சின்களோடு காலம் கழித்து ஓய்வுபெற்றவர். இப்போது அவருக்கு ஒரே பைத்தியம் கைத்துப்பாக்கி. பத்திரம் எல்லாம் ஒழுங்காக உண்டு, களவு ஒன்றும் இல்லை. சுடுதளத்தில் சுட்டு முடித்த கோதுகளைப் பொறுக்கி வந்து, வீட்டிலேயே மருந்து நிரப்பித் திரும்பவும் தோட்டாவாக்குவார். மேசையில் கைப்பிடி வைத்த குழல் ஒன்று பூட்டியிருந்தது. பிடியை ஒருதரம் இழுத்தால் ஒரு தோட்டாவுக்கான மருந்து விழும். அது ஒவ்வொரு தரமும் ஒரே அளவாக விழுகிறதா என்று பார்க்கத்தான் பக்கத்தில் தராசு. அதில் அவர் நிறுக்கிற மருந்து ஒரு சிட்டிகை உப்புத்தான் வரும். ஆனால் அந்தச் சிட்டிகை கொஞ்சம் கூடினால் துப்பாக்கி கைக்குள்ளேயே வெடிக்கும், விரல் போகும், கண் போகும் என்று அவளுக்கே எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார். "கனகா, மேசையைத் துடை. தராசைத் தொடாதை." ஐந்து வருடமாக அவள் தொட்டதே இல்லை.

புதன்கிழமை தொட்டாள். அன்று ஆயுத பூசை. போர்கோ வெக்கியோப் பகுதியில் அவளும் புருஷனும் இருந்த இரண்டு அறை வீட்டில் அவளுக்கென்று என்ன ஆயுதம் இருக்கிறது? அவள் தொழில் செய்கிற தும்பு தூசி இழுக்கும் மெசின், இஸ்திரிப் பெட்டி, தையல் மெசின் எல்லாம் சிஞ்ஞோரின் மனைவி சிஞ்ஞோராவின் வீட்டில்தானே. ஆகவே பிலிம் றோல் டப்பியில் சந்தனம் குழைத்துக்கொண்டு வந்தாள். கண்ட கண்ட இடத்தில் கறை கண்டால் சிஞ்ஞோரா கத்துவாள் என்பதால் எல்லாவற்றுக்கும் அடிப்பக்கத்தில் பொட்டு. அத்தோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை, பாருங்கள்! வெடிமருந்தோடு விளையாடுகிற மனுசன், அவருடைய ஆயுதத்தை மட்டும் விட்டால் குறையாகிவிடாதா என்று தராசுத் தட்டைத் தூக்கி, அதன் அடியிலும் நல்ல தடிப்பாக ஒன்று வைத்துவிட்டாள்.

அன்று மாலை சிஞ்ஞோர் வெறும் தட்டை வைத்துத் தராசைப் பூச்சியத்துக்குக் கொண்டுவந்தார். இன்றைக்கு முள் கொஞ்சம் ஏறி நிற்கிறதே என்று முணுமுணுத்தபடி திருகாணியைத் திருகினார். அதற்குள் சிஞ்ஞோரா சாப்பிடக் கூப்பிட்டாள், போய்விட்டார். அன்றிரவே சிரோக்கோ காற்றுத் தொடங்கிவிட்டது. ஆபிரிக்காவிலிருந்து கடல் தாண்டி வருகிற அந்தச் சூட்டில் துவைத்த துணியே ஒரு மணித்தியாலத்தில் காய்ந்து விறைத்துவிடும். சந்தனம் எந்த மூலைக்கு? வியாழக்கிழமை மனுசன் மருந்து நிரப்பும்போது, "குழல் குறைவாப் போடுது, இந்தக் காத்தாலைதான்" என்று சொல்லி அளவைக் கூட்டினார். தரையைத் துடைத்துக்கொண்டிருந்த கனகேஸ்வரியின் காதில் அது விழுந்தது, ஆனால் மண்டையில் ஏறவில்லை.

இப்போது ஏறியது. குழல் குறைவாகப் போடவில்லை, தட்டுத்தான் இளைத்துப்போயிருந்தது. பொட்டோடு சேர்த்துப் பூச்சியம் வைத்த தராசில், பொட்டு உதிர்ந்த பாரத்துக்கு ஒவ்வொரு தோட்டாவுக்குள்ளும் மருந்து கூடிவிட்டது. ஐயோ முருகா, நான் என்ன வேலை செய்து வைத்திருக்கிறேன்!

தோட்டாப் பெட்டி சுவர்த் தட்டில்தான் இருந்தது. சிஞ்ஞோர் குளியலறையில் முகம் வழித்துக்கொண்டிருந்தார். பதினொரு மணிக்குத்தான் அவர் சுடப் போவார். நடையில் இருந்த தொலைபேசியை எடுத்துப் புருஷனுக்கு அடித்தாள்.

ஆனந்தராசா எல்லாவற்றையும் கேட்டான். "வாயைத் திறக்காதை. மார்கழியோடை பெர்மெஸ்ஸோ முடியுது. அந்தாள் கையெழுத்து வைக்காட்டி குவெஸ்தூராப் பொலிசிலை எங்களை நாயாவும் மதிக்கமாட்டாங்கள்."

"அந்த மனுசன்ர கண் போனா?"

"ஒண்டும் போகாது. சாமிக்கு வைச்ச பொட்டு. பசை இருந்தாத் திருப்பி ஒட்டிவிடு."

"உனக்கு விசரே? தோட்டாவுக்கை போன மருந்தை ஆர் திருப்பி எடுக்கிறது?"

"கனகம், நான் சொல்லுறதைக் கேள்..."

அவள் வைத்துவிட்டாள். புருஷன் சொன்னது பொய்யில்லை. பெர்மெஸ்ஸோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கத் தேவையான அந்தக் கையெழுத்து இல்லாவிட்டால் இந்த ஊரில் அவர்களுக்கு வேலையும் இல்லை, வீடும் இல்லை. பெட்டியைக் கொண்டுபோய்த் துறைமுகத்தில் எறிந்துவிட்டுத் தெரியாது என்று நின்றால் என்ன? அந்த எண்ணத்தோடேயே போய்ப் பெட்டியைத் தூக்கினாள். அது பாரமே இல்லாமல் கையோடு வந்தது.

திறந்தாள். உள்ளே ஒன்றுகூட இல்லை.

"சிஞ்ஞோர்!" என்று அவள் போட்ட சத்தத்தில் சிஞ்ஞோர் பாதி முகத்தில் சோப்போடு ஓடிவந்தார்.

"தோட்டா எங்கை?" என்று கேட்டாள்.

"சால்வோ கொண்டு போயிட்டான். இண்டைக்கு அவனுக்குப் போட்டி. ஏன்?"

சால்வோ அவருடைய ஒரே மகன். கனகேஸ்வரி துணுக்கை உள்ளங்கையில் வைத்து நீட்டினாள். தெரிந்த இத்தாலிப் பாஷை எல்லாம் மறந்துபோனது. தட்டு, அடியில், நான், புதன்கிழமை என்று துண்டு துண்டாகத்தான் வந்தது. அவருக்கு அது போதும். துணுக்கைப் பிடுங்கித் தராசில் போட்டார். முள் துள்ளி மேலே போனது. சோப்புப் படாத பாதி முகமும் வெளிறிவிட்டது.

சுடுதளத்துக்கு அடித்தார். காவற்காரன் எடுத்தான். "சால்வோவை நிப்பாட்டு, சுடவேண்டாமெண்டு சொல்லு, ஓடு!" காவற்காரன் ரிசீவரை மேசையில் போட்டுவிட்டு ஓடுகிற சத்தம் கேட்டது. அதற்குப் பின்னால் வெடிச்சத்தம். ஒன்று. இன்னொன்று. சுடுவது சால்வோவா வேறு யாராவதா, எப்படித் தெரியும்? ஒவ்வொரு வெடிக்கும் கனகேஸ்வரி சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்தாள். தாய் தகப்பனுக்கு ஒன்றே ஒன்று, நல்லூரானே, அந்தப் பிள்ளையின் கண்ணை விட்டுவிடு. பெர்மெஸ்ஸோ போனால் போகட்டும். அவள் மனதார அப்படித்தான் கேட்டாள்.

வெடி நின்றது. அந்த அமைதி இன்னும் மோசமாக இருந்தது. கடைசியில் ஒரு குரல் கத்தியது, பக்கத்தில் நின்ற அவளுக்கும் கேட்டது.

"அப்பா? மூண்டு சுட்டிட்டன், கை உளையுது. இந்தமுறை என்னத்தைப் போட்டனீங்கள்?"

சிஞ்ஞோர் சுவரைப் பிடித்துக்கொண்டார். "துவக்கைக் கீழை வை. அந்தத் தோட்டா ஒண்டையும் தொடாதை."

"என்ன நடந்தது? ஆர் செய்தது?"

"வேலைக்காரி. தராசிலை மண்ணைப் பூசியிருக்கிறாள்."

மண்ணாம்! செய்த பிழையை ஒளிக்காமல் கொண்டுவந்து கையில் கொடுத்தவளுக்கு அது சுருக்கென்று தைத்தது. பயம் ஒரு பக்கம் கிடக்க, வாய் தானாகத் திறந்தது.

"சிஞ்ஞோர், நான் செய்தது பிழைதான். ஆனா வியாழக்கிழமை நீங்கள் பூச்சியம் பாக்கேல்லை. ஒவ்வொரு நாளும் பாக்கிறனீங்கள். அண்டைக்குப் பாக்கேல்லை."

சொன்ன பிறகுதான் சொன்னதின் பாரம் தெரிந்தது. போச்சு, எல்லாம் போச்சு. சிஞ்ஞோர் அவளைப் பார்த்தார். சோப்பு காய்ந்து கன்னத்தில் வெடித்திருந்தது. அடிப்பாரோ என்றுகூட நினைத்தாள். அவர் ரிசீவரை வாயருகே கொண்டுபோனார்.

"சால்வோ, அவள் சொல்லுறது உண்மை. நான் சரி பாக்காமல் நிரப்பினனான். அவள் வந்து சொல்லாட்டி..." அதற்கு மேல் அவரால் முடியவில்லை. ரிசீவர் கையிலிருந்து நழுவியது. மனிதர் அப்படியே நடையில் குந்திவிட்டார்.

கயிற்றில் தொங்கிய ரிசீவருக்குள் மகன் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். கனகேஸ்வரி அதை எட்டிப் பிடித்துக் காதில் வைத்தாள். அவளுக்கும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"ஓம் சால்வோ, நான்தான். அப்பாவுக்கு ஒண்டுமில்லை, இஞ்சைதான் இருக்கிறார். நீ வீட்டை வா ராசா. முதல்லை வீட்டை வா."