வாயாடியின் கடைசி முடிச்சு

ஊரில் எல்லாரும் அவர்களைச் சூனியக்காரிகள் என்றுதான் சொன்னார்கள். பயந்துகொண்டு அல்ல, தையல்காரி, மீன்காரி என்பது போல. அவர்கள் செய்த சூனியமும் அந்த லட்சணம்தான். குடை தொலையாமல் இருக்க ஒரு முடிச்சு, சலூன் கண்ணாடியில் நரை கொஞ்சம் குறைவாகத் தெரிய ஒரு முடிச்சு, தபால் நிலையக் கதவு காற்றில் படார் என்று அறையாமல் இருக்க ஒரு முடிச்சு. ஒரு முழ நூலைச் சாமானில் கட்டி, முடிச்சுக்குள் ஒரு மூச்சு ஊதி இறுக்கினால் வேலை முடிந்தது. இதற்கெல்லாம் எந்தப் பேய் மெனக்கெட்டு வரும்?

அக்காவும் தங்கையும் ஒரே வீட்டில், எதிரெதிர் அறைகளில் இருந்தார்கள். அக்காவுக்கு ஊர் வைத்த பெயர் உம்மணாமூஞ்சி. அதை அவள் காதுபடச் சொல்ல ஒருத்தருக்கும் தைரியம் கிடையாது. தங்கைக்கு வாயாடி என்று பெயர். அதை நேரிலேயே சொல்லலாம், விழுந்து விழுந்து சிரிப்பாள்.

முடிச்சுப் போடும்போது வாயைத் திறக்கக் கூடாது. இந்தத் தொழிலில் முதலில் படிக்கிற பாடமே அதுதான். பேசினால் பேச்சும் மூச்சோடு உள்ளே போய் மாட்டிக்கொள்ளும், முடிச்சு வலுவிழக்கும் என்பார்கள். வாயாடி கேட்டால்தானே! நூலை எடுத்ததும்தான் அவளுக்கு ஊர்க்கதை எல்லாம் ஞாபகம் வரும். முப்பது வருஷம் அக்கா சொல்லிச் சொல்லி அலுத்துப்போனாள்.

கடைசியில் ஒரு திங்கட்கிழமை, தையல்காரியின் கடையில் ஐந்தாறு பேர் பார்த்துக்கொண்டிருக்க, அக்கா வெடித்தாள்.

"வாயை வச்சுக்கிட்டு சும்மா இருக்கவே மாட்டியா நீ? உன் பேச்சைக் கேட்டுக் கேட்டு என் காது புளிச்சுப் போச்சு. இனிமே என்கிட்ட பேசாத!"

வாயாடி பேசவில்லை. அன்றும் பேசவில்லை, செவ்வாயும் பேசவில்லை. ரெண்டு நாள் தாங்குவாளா, தானாக வந்து வழிவாள் என்று அக்கா காத்திருந்தாள். புதன்கிழமை சாயங்காலம் வந்தாள்தான். அறை வாசலில் வந்து நின்றாள். முகத்தில் என்னவோ சொல்ல வருகிற துடிப்பு. அக்கா நூற்கண்டைப் பிரிக்கிற சாக்கில் தலை நிமிரவில்லை. முதலில் அவளே பேசட்டுமே என்ற வீம்பு, வேறென்ன? கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வாயாடி போய்விட்டாள்.

மறுநாள் மத்தியானம் தபால் நிலைய வரிசையில் நின்றிருந்தவள் அப்படியே சரிந்தாள். நெஞ்சு. டாக்டர் வருவதற்குள் எல்லாம் முடிந்துபோனது.

கட்டினவள் போய்விட்டால் முடிச்சு அவிழ்ந்துவிடாது, வலுதான் குறைந்துகொண்டே வரும். ஒரு மாதத்துக்குள் குடைகள் தொலைய ஆரம்பித்தன, தபால் நிலையக் கதவு அறைய ஆரம்பித்தது. ஊரார் தயங்கித் தயங்கி அக்காவிடம் வந்தார்கள். ஒரே சாமானில் இரண்டு பேர் முடிச்சு ஆகாது, ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கும். பழையதை அது இருக்கிற இடத்திலேயே அவிழ்த்துவிட்டுத்தான் புதியதைப் போட வேண்டும். வெட்டி எடுத்து வீட்டுக்குக் கொண்டுபோனால் அது வெறும் நூல்.

முதலில் அவிழ்த்தது தையல்காரியின் கத்தரிக்கோலில். நகத்தால் நெம்பி முடிச்சைத் தளர்த்தியதுதான் தாமதம், காதருகே தங்கையின் குரல்:

"ஐயையோ, இந்த நூல் ஏன் இப்படி வழுக்குது? அக்கா பார்த்தா என்னைக் கொன்னுடுவா!"

அவ்வளவுதான். ஒரு மூச்சு நேரம், பிறகு கடைக்குள் மெஷின் சத்தம் மட்டும். அக்கா வெட்டுத்துணிக் குவியல்மேல் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். உம்மணாமூஞ்சி அழுது அன்றுதான் ஊர் பார்த்தது.

அதற்கப்புறம் அவளே வீடு வீடாகத் தேடிப் போனாள். சலூன் கண்ணாடியில், "இவருக்கு எதுக்கு இதெல்லாம், இருக்கிறதே நாலு முடி" என்றது குரல். சலூன்காரர் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். நூலகத்து ஏணியில் ஒரு தும்மல். தபால் நிலையக் கதவில் ஒரு பாட்டு, அதுவும் வழக்கம்போல சுருதி தப்பி. ஒவ்வொன்றும் ஒரே ஒரு தடவைதான். திரும்பக் கேட்க வழியே கிடையாது. வலு குறைந்ததெல்லாம் கட்டினவள் மூச்சு நின்றதால்தான். அவள் இருந்தவரை ஒரு முடிச்சாவது பேச்சினால் கெட்டது என்று யாரும் சொல்லவில்லை. அக்கா வீடு வீடாகக் கேட்டுப் பார்த்தாள். முப்பது வருஷத் திட்டும் தண்டம்.

கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. ரொட்டிக்கடைக்காரரின் மகளுக்கு ஆறு வயது, இழுப்பு நோய். டாக்டரின் மருந்து ஒரு பக்கம் இருக்க, மூச்சு சீராக ஓடுவதற்காகக் கட்டில் காலில் வாயாடி போட்டுக்கொடுத்த முடிச்சு அது. போட்டது அந்தப் புதன்கிழமை. சண்டைக்குப் பிறகு அவள் போட்ட ஒரே முடிச்சு.

அக்காவுக்கு அது தெரியும். அதற்குள் என்ன பேசி வைத்திருப்பாள்? 'அந்த ராட்சசி போகட்டும்' என்று திட்டியிருப்பாளா? போனால் போகிறது அக்காதானே என்றிருப்பாளா? அதைத் தெரிந்துகொள்ளாமல் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தெரிந்துகொண்டாலோ தங்கையின் குரல் உலகத்திலேயே மிச்சமில்லாமல் போய்விடும். இந்த இரண்டுக்கும் நடுவில் கிடந்து அல்லாடினாள். ரொட்டிக்கடைக்காரர் வந்து கேட்டபோதெல்லாம் ஏதாவது சாக்கு. "இந்த வாரம் நூல் சரியில்ல." "அது இன்னும் கெட்டியாத்தான் இருக்கு, அவசரப்படாதீங்க." வாய் கூசாமல் சொன்னாள்.

நாலாவது தடவை அவர் கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தார். கையெல்லாம் மாவு.

"அக்கா, பாப்பாவுக்கு விடிஞ்சதிலேர்ந்து இழுக்குது. டாக்டர் ஊசி போட்டுட்டுப் போயிருக்காரு, இன்னும் அடங்கல. நீங்க வந்து அந்த முடிச்சைப் பாருங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன்."

அக்கா சட்டென்று எழுந்தாள். என் துக்கத்துக்கு ஒரு பச்சைக் குழந்தையின் மூச்சையா பிடித்துவைத்திருந்தேன், பாவி! செருப்பைக்கூடப் போடாமல் ஓடினாள்.

கடைக்கு மேல்மாடியில் சின்ன அறை. கீழே அடுப்பின் சூடு தரையில் தெரிந்தது. சிறுமி தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் எம்பி எம்பித் தணிந்தது. அம்மாக்காரி முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள்.

அக்கா கட்டில் காலடியில் மண்டியிட்டாள். நீல நூல். முடிச்சைப் பார்த்ததும் கொஞ்சம் திகைத்தாள். வாயாடியின் முடிச்சு எப்போதும் கோணல்மாணலாக, வால் ஒரு பக்கம் துருத்திக்கொண்டு இருக்கும். இது அச்சில் வார்த்தது போல இருந்தது. 'திட்டாத தாயே' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு நகத்தைக் கொடுத்தாள். வேண்டாம், திட்டினாலும் பரவாயில்லை. ஏதாவது பேசு.

முடிச்சு அவிழ்ந்தது.

ஒரு மூச்சு வெளியே வந்தது. சீரான, நீளமான மூச்சு. அவ்வளவுதான். ஒரு சொல் இல்லை, ஒரு முனகல்கூட இல்லை. அக்கா நூலைக் காதில் வைத்துப் பார்த்தாள், உதறிப் பார்த்தாள். ஒன்றும் இல்லை.

"ஏன்டி பேசல?" என்றாள் நூலைப் பார்த்து. "ஏன்டி?"

கட்டிலிலிருந்து சிறுமி, மூச்சுக்கு நடுவே நடுவே சொன்னாள். "அவங்க... அன்னைக்குப் பேசவே இல்ல. என்னையும்... உஷ்னு சொன்னாங்க. எங்க அக்கா சொன்ன மாதிரி... இன்னைக்குப் பேசாம போடப் போறேன், பாருன்னாங்க."

"நீ பேசாத கண்ணு, இழுக்கும்" என்றாள் அம்மாக்காரி. மகள் விடவில்லை.

"போட்டுட்டு... நல்லா இருக்கான்னு கேட்டாங்க. நான் சூப்பர்னேன். அக்காகிட்ட... இப்பவே போய்ச் சொல்லப்போறேன்னு... ஓடினாங்க."

அக்காவின் கண்முன் அந்த வாசல் வந்து நின்றது. புதன்கிழமை சாயங்காலம், நிலைப்படியில் ஒரு காலும் வெளியே ஒரு காலுமாக, என்னவோ சொல்லத் துடித்த முகம். பேசாதே என்று அக்கா சொல்லியிருந்ததால் அக்காவே கேட்கட்டும் என்று நின்ற முகம். என்னடி என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். தலையைத் தூக்கியாவது பார்த்திருக்கலாம். நூற்கண்டு எங்கே ஓடிப்போகிறது?

அழுவதற்கு அப்போது நேரம் இல்லை. அதே நீல நூலை எடுத்து, கட்டில் காலில் சுற்றினாள். நூல் இரண்டு தடவை நழுவியது. மூச்சை ஊத வாயைக் குவித்தாள். இத்தனை வருஷத்தில் ஒரு தடவைகூட வேலைக்கு நடுவில் பேசாத வாய் அது.

"நல்லா இருக்குடி" என்றாள். "ரொம்ப நல்லா போட்டிருக்க. நான் பார்த்துட்டேன்."

"அக்கா, பேசக் கூடாதுன்னு சொல்வீங்களே..." என்று ரொட்டிக்கடைக்காரர் பதறினார்.

அவள் காதில் வாங்கவே இல்லை. நூலை ஒவ்வொரு சுற்றுச் சுற்றும்போதும் பேசினாள். சலூன்காரர் சிரித்ததைச் சொன்னாள், உன் பாட்டு தபால் நிலையத்தில் சகிக்கவில்லை என்றாள், வீட்டில் உன் டம்ளரை இன்னும் கழுவி எடுத்து வைக்கவில்லை என்றாள். அன்னைக்கு வாசல்ல நின்னியே, உள்ள வாடி, உள்ள வா என்றாள். எல்லாவற்றையும் மூச்சோடு உள்ளே தள்ளி இறுக்கினாள். கோணல்மாணலாக, வால் ஒரு பக்கம் துருத்திக்கொண்டு ஒரு முடிச்சு விழுந்தது.

சிறுமியின் தோள் மெல்ல மெல்லத் தணிந்தது. கொஞ்ச நேரத்தில் அம்மாவின் மடியில் சாய்ந்து தூங்கிப்போனாள். ரொட்டிக்கடைக்காரர் கீழே போய் ஒரு டம்ளர் டீயோடு வந்தார். அக்கா தரையிலிருந்து எழுந்திருக்கவில்லை. ஒரு கையால் கட்டில் காலைப் பிடித்தபடி, இன்னும் பேசிக்கொண்டே இருந்தாள்.