பன்னிரண்டு தகடுகளும் பிளம் விறகும்

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குள் அறுபது தகடுகளை வெட்டி முடித்திருந்தேன். முன்பு ஒரு தகட்டுக்கே ஆறு நிமிடம் பிடிக்கும். ஒவ்வொன்றுக்கும் மெஷின் மூன்று முறை கத்தி மாற்றும். வெட்டுவதைவிட மாற்றுவதற்கே அதிக நேரம் போய்விடும். அதனால் ஒரு அலுமினியப் பலகையில் பன்னிரண்டு பள்ளங்கள் எடுத்து துண்டுகளைப் பிடித்துவைக்கும் ஜிக் ஒன்று செய்தேன். பன்னிரண்டு வெள்ளை பிளாஸ்டிக் துண்டுகளை ஒன்றாக இறுக்கிவிட்டால், அதே மூன்று மாற்றத்தில் எல்லாம் முடியும். இப்போது பன்னிரண்டுக்கும் சேர்த்துப் பத்து நிமிடம்.

தயிர்த் தொழிற்சாலையின் லாரி நான்கு மணிக்கு வரும். அவர்கள் மெஷின்களில் மாட்ட இருநூற்று நாற்பது தகடு வேண்டும். கொடுக்க முடியாவிட்டால் அவர்கள் வேறு பட்டறைக்குப் போவார்கள். அவர்கள் போனால் மெஷினை விற்றுவிடுவேன் என்று முதலாளி பெஞ்சோ திங்கட்கிழமையே சொல்லிவிட்டார். மெஷின் இல்லாத பட்டறையில் நெவேனாவான எனக்கு என்ன வேலை என்று அவர் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை.

பட்டறைக்குள் ஆறு டிகிரி. கப்ரோவோ ஊர்க்காரர்கள் கஞ்சர்கள், பூனை நுழைந்ததும் கதவைச் சட்டென்று சாத்திச் சூட்டை மிச்சம் பிடிக்க அதன் வாலையே நறுக்குவார்கள் என்று வெளியூர்க்காரர்கள் எங்களைக் கேலி செய்வது வழக்கம். பெஞ்சோவின் பூனைக்கு வால் இருந்தது. அடுப்பில்தான் விறகு இல்லை.

எதிர் மேஜையில் பிசிறு சீவிக்கொண்டிருந்த ராலிட்சா அக்கா, கொதிக்கும் தேநீர்க் குவளையை ஒரு தகட்டின் மேல் வைத்திருந்தாள். குடித்து முடித்ததும் அந்தத் தகட்டையும் அளவு சரிபார்க்கும் கேஜில் வைத்துப் பார்த்தாள். கேஜில் இரண்டு எஃகு ஊசிகள். தகட்டின் இரண்டு துளைகளிலும் அவை ஒரே நேரத்தில் இறங்க வேண்டும்.

"இது எறங்க மாட்டேங்குதுடி."

"திருப்பிப் போடுக்கா."

"நாலு தடவ போட்டாச்சு. நீயே பாரு."

வாங்கிப் பார்த்தேன். ஒரு ஊசி இறங்கியது. மற்றது துளையின் விளிம்பில் உட்கார்ந்துகொண்டது. குளிர்ந்து கிடந்த மற்ற தகடுகளோ ஒழுங்காக இறங்கின. முன்பு ஒவ்வொன்றாக வெட்டிய தகடு ஒன்று இழுப்பறையில் கிடந்தது. அதையும் புதியது ஒன்றையும் ஸ்வெட்டருக்குள் செருகிக்கொண்டேன்.

"அடை காக்கறியா?" என்றாள் அக்கா.

பத்து நிமிடம் கழித்து எடுத்தேன். பழையது இறங்கியது. புதியது இறங்கவில்லை.

முன்பெல்லாம் அடுத்து வெட்ட வேண்டிய துண்டுகளை மெஷினின் மின்பெட்டி மேல் அடுக்கி வைப்போம். அது எப்போதும் வெதுவெதுப்பாக இருக்கும். முறைக்குக் காத்திருந்தே அவை சூடேறிவிடும். நான் வேகத்தைக் கூட்டினேன், காத்திருப்பு போயிற்று. பனி பிடித்த கிடங்கிலிருந்து எடுத்து, சுருங்கிக் கிடந்ததை அப்படியே வெட்டியிருக்கிறேன். சூட்டில் அது தன் நீளத்துக்குத் திரும்பும், துளைகளும் விலகிப்போகும்.

பெஞ்சோ வாசலில் துடைப்பத்துக்குக் கம்பு மாட்டிக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், அறுபதும் போச்சு."

"போச்சுன்னா?"

"குளிர்ல வெட்டிட்டேன். அவங்க ஃபேக்டரி சூட்டுக்கு நீண்டுரும். மாட்டாது."

"உன் ஜிக்கு பண்ண வேலைதானே?"

"ஜிக் சரியாத்தான் இருக்கு. ரூம்தான் சரியில்ல. இருபது டிகிரி வேணும். அடுப்பு மூட்டணும்."

உள்ளேயிருந்து அக்காவின் குரல் வந்தது: "அவர் கல்யாணத்துக்கே மூட்டாத அடுப்பு அது."

பெஞ்சோ அவள் பக்கம் திரும்பவே இல்லை. "துண்டு எத்தன மிச்சம்?"

"இருநூத்தி நாப்பது. ஒண்ணுகூட அதிகம் இல்ல."

துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு, தொப்பியை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கி நடந்தார். மெஷினை வாங்குகிறவனைப் பார்க்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். கால் மணி நேரத்தில் தள்ளுவண்டியோடு திரும்பினார்.

"பிளம் கட்டை. ரக்கியா சாராயம் காய்ச்ச ரெண்டு வருஷமா காய வச்சது," என்றார், யாரையும் பார்க்காமல்.

அடுப்பைச் சுற்றி மேஜைகளிலும் நாற்காலிகளிலும் துண்டுகளைப் பரப்பினோம். ஜிக் பலகையையும் பக்கத்தில் வைத்தேன். வெப்பமானி ஒவ்வொரு டிகிரியாக ஏறியது. கையில் வேலையில்லாமல் அதையே பார்த்துக்கொண்டிருப்பது வெட்டுவதைவிடக் கொடுமையாக இருந்தது. இருபதைத் தொட்டபோது மணி பன்னிரண்டு நாற்பது. பன்னிரண்டு வீதம் இருபது பலகை, பலகைக்குப் பத்து நிமிடம். சரியாக நான்கு மணி.

நான் இறுக்க, மெஷின் வெட்ட, அக்கா கேஜில் போட்டாள். ஊசிகள் இறங்கும் 'டக்' சத்தத்துக்காக ஒவ்வொரு முறையும் என் காது காத்திருந்தது.

லாரி பத்து நிமிடம் முன்னதாகவே வந்தது. கடைசிப் பலகை பாக்கி.

"நாலுக்குக் கெளம்பிருவேன்," என்றான் டிரைவர் கிரில்.

பொத்தானை அழுத்தப்போன நான், வழக்கம்போலத் தகடுகளின் மேல் விரலை ஓட்டினேன். ஏழாவது ஒரு மயிரிழை தூக்கியிருந்தது. அடியில் பிளாஸ்டிக் சுருள். பன்னிரண்டு பிடிகளையும் தளர்த்தினேன்.

"ஏன் நிறுத்துற?" பெஞ்சோ ஓடி வந்தார்.

"இப்படியே வெட்டினா கெட்டுரும். மாத்த வேற துண்டு இல்ல, மாஸ்டர்."

ஊதி, துடைத்து, மறுபடி ஒவ்வொன்றாக இறுக்கினேன். கத்தி சுழலத் தொடங்கியபோது நான்கு அடித்தது. பயந்துகொண்டே திரும்பிப் பார்த்தேன். கிரில் கையுறைகளைக் கழற்றி அடுப்பின்மேல் காயப் போட்டிருந்தான்.

"கப்ரோவோல அடுப்பு எரியுதுன்னு சொன்னா எங்க ஊர்ல நம்ப மாட்டாங்க. நல்லாப் பாத்துட்டே போறேன்."

நான்கு பதிமூன்றுக்குக் கடைசித் தகட்டை அக்கா கேஜில் வைத்தாள். டக்.

லாரி போனதும் பெஞ்சோ இடுக்கியால் பாதி எரிந்த கட்டையை எடுத்து, வாசல் பனியில் குத்தினார். அது சீறி அடங்கியது.

"திங்கக்கெழமைக்கு ஆகும்," என்றார். "எத்தன மணிக்கு மூட்டணும்?"

"ஆறு மணிக்கு."

"ஆறரை."